தலைவர் படம் அடைத்த இடம்

தை, வியாழக்கிழமை.

தூக்கம் வரவில்லை. குத்தகை விவசாயிகளுக்கு நாளைக் காலை தாசில்தார் விசாரணை. அதற்கான மனுவை அச்செடுக்க இன்று அவர்கள் எங்கள் டைப்பிங் சென்டருக்கு வந்து காத்திருந்தார்கள். தமிழ் புரோகிராமைத் திறந்தாலே கம்ப்யூட்டர் மெமரி போதவில்லை என்றது. பழைய பெட்டி. ஆன் செய்ததும் வருகிற தலைவர் படம் உள்ளேயே தங்கி இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதை எடுக்கலாம் என்று போன மாதமே நான் சொன்னேன். முதலாளி கட்சிக்காரர். “தலைவரையே தூக்கச் சொல்றியா?” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

இன்று அதையே மும்தாஜ் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

“தலைவர் ஏங்க பொட்டிக்குள்ள அடைஞ்சு கெடக்கணும்? செவுத்துல மாட்டிடலாங்க.”

முதலாளி சிரித்துவிட்டார். “மூளைன்னா இது!” என்று என்னைப் பார்த்தார். அவள் படத்தை எடுத்தாள். புரோகிராம் திறந்தது, மனு அச்சாகி வந்தது. விவசாயிகள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

எனக்கு ஒரு டீகூட இல்லை.

சாயங்காலமே தலைவர் படம் சட்டம் போட்டு வந்துவிட்டது. ஆணி அடித்தது நான். அவள் நாற்காலிக்கு நேர் மேலே.