அண்ணனுக்குப் பதிலாக

1917 ஜனவரி 8
இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். பொய்யும் மிகையும் கூடாது. அண்ணன் சின்னப்பன் பாஸ்ராவில், சுமை தூக்கும் படையில் இருக்கிறான். அவன் வரும்வரை வாசல் விளக்கை இரவில் அணைப்பதில்லை என்று அம்மா நேர்ந்துகொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 2
அப்பா ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். அவர் வேலை செய்யும் தோல் பதனிடும் ஷாப்பில் ஒருவர் வர முடியாவிட்டால், அவர் வீட்டிலிருந்து இன்னொருவர் சுண்ணாம்புக் குழியில் இறங்கலாம். வேலை நடந்தால் மேஸ்திரிக்குப் போதும். அதேபோல் வேலூருக்குப் போய், மகனை விட்டுவிட்டுத் தம்மை எடுத்துக்கொள்ளச் சொல்லப் போகிறாராம்.

பள்ளியில் படித்ததைச் சொன்னேன். லண்டனில் முடிவாகிறது, சிம்லாவுக்கு உத்தரவு வருகிறது, பம்பாயில் கப்பல் ஏற்றுகிறார்கள். வேலூரில் இருப்பவர் ஆள் சேர்ப்பவர் மட்டுமே.

"இன்னாம்மா நீ, அனுப்புனவனுக்குக் கூப்டத் தெரியாதா?" என்று சிரித்தார்.

பிப்ரவரி 5
அப்பா இன்னும் திரும்பவில்லை.

பிப்ரவரி 6
கூடப் போன ரஃபி அகமது மாமா மட்டும் வந்தார். ஆள் சேர்ப்பவர் அப்பா சொன்னதையெல்லாம் கேட்டுத் தலையாட்டினாராம். பிறகு கைநாட்டு வாங்கிக்கொண்டாராம். "பையன் வந்துருவான்னு வூட்ல சொல்லு" என்றாராம் அப்பா.

"வந்துருவானா, அண்ணே?" என்று அம்மா கேட்டாள்.

மாமா ஷாப்புக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார்.

மே 20
அப்பாவைப் பாஸ்ராவுக்கு அனுப்பவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவாம். பள்ளி அட்லஸில் இரண்டு இடத்திலும் விரல் வைத்துப் பார்த்தேன். கை போதவில்லை. யார் போட்ட உத்தரவு இது? அண்ணனுக்குப் பதிலா போறேன்னுதானே போனாரு—

அண்ணனுக்கு இதை எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

ஜூன் 3
தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் வாசனை வந்தால் அப்பாதான் என்று திரும்பிப் பார்க்கிறேன். இன்று வீட்டுக்குள்ளேயே வந்தது, ஷாப்பிலிருந்து திரும்பிய அம்மாவின் சேலையில்.

1918 ஜனவரி 11
மாதா கோயில் சாமியார் வந்து அப்பா இறந்ததைச் சொன்னார். நவம்பரில், காய்ச்சலில். அங்கேயே புதைத்துவிட்டார்களாம்.
அம்மா திரியைக் கத்தரித்து விளக்கை ஏற்றினாள்.

1919 மார்ச் 27
அண்ணன் வந்துவிட்டான். இடது காது கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும், அப்பா ஷாப்பிலிருந்து எப்போது வருவார் என்று கேட்டான்.

"உனக்குப் பதிலா போயி நின்னாருடா. அதான் உன்ன வுட்டாங்க" என்றாள் அம்மா.

சண்டை முடிந்ததால் விட்டார்கள். எனக்குத் தெரியும். வாய் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்றேன். எழுதுகிறேன்: நான் சொல்லவில்லை. சோற்றில் வைத்த கையை அண்ணன் எடுக்கவே இல்லை.

அம்மா வாசலுக்குப் போய் விளக்கை ஊதி அணைத்தாள்.