எட்டு ஜிபிக்கு மேல்

ஜனவரி 19, 2024. வெள்ளி

காலையிலிருந்து மூன்றாவது தடவையாகக் கரீம் பாய் கடைக்கு வந்து நின்றார். நைன்ட்டி ஃபீட் ரோட்டில் கரீம் பாட்சா ஸ்டூடியோ தெரியாதவர் இல்லை. என் கல்யாணத்துக்கே அவர்தான் படம் பிடித்தார். இப்போது புது கேமரா வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு படமும் முன்பைவிட மூன்று மடங்கு கனம். எடிட்டிங் மென்பொருளைத் திறந்தால் லேப்டாப் அப்படியே உறைந்துவிடுகிறது. உள்ளே எட்டு ஜிபி ரேம். அதிகபட்சமே எட்டுதான் என்று கம்பெனி போட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் இரண்டு கடையில் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

நான் பதினாறு போட்டேன். ஏற்றுக்கொண்டது. திரையில் பதினாறு என்று வந்ததும் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கம்பெனிக்காரனே ஆகாது என்கிறானே என்றார். அது அவன் சோதித்துப் பார்த்த அளவு பாய், சிப் தாங்குகிற அளவு வேறு என்றேன். உண்மைதான். சொன்ன விதத்தில் கொஞ்சம் மண்டைக்கனம் இருந்தது, எழுதும்போது தெரிகிறது.

இப்படி அளவுக்கு மேல் போட்டால் எட்டு மணி நேரமாவது ரேம் சோதனை ஓடவிடுவது என் வழக்கம். இன்று முக்கால் மணி நேரம்தான். பாய்க்குச் செம்பூரில் ஒரு விசேஷம், நின்றுகொண்டே இருந்தார். ரசீதில் ‘சோதனை முடிந்தது’ கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்துவிட்டேன். இதுவரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

தண்ணீர் வரவில்லை. கடை திறக்கப் பதினொரு மணி ஆகிவிட்டது.

ஜனவரி 30, செவ்வாய்

பாய் வந்தார், கையில் கல்யாண லட்டு. ஞாயிற்றுக்கிழமை முலுண்டில் கல்யாணம். பெண் விஜயராணி, நம்ம திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். இரண்டாயிரத்துக்கு மேல் படம், அத்தனையும் லேப்டாப்பில் ஏற்றி முடித்தாராம். ஒரு தடவைகூட நிற்கவில்லையாம். பார்க்கிற போட்டோகிராஃபர்களிடம் எல்லாம் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். இந்தப் பத்து நாளில் மட்டும் மூன்று பேர் வந்து அதேபோல் பதினாறு போட்டுக்கொண்டு போனார்கள். சந்தோஷமாக இருந்தது. ஏன் இருக்கக்கூடாது?

பிப்ரவரி 10, சனி

முலுண்ட் கல்யாணப் பெண்ணின் அப்பா கோமதிநாயகம் வியாழக்கிழமை இறந்துவிட்டார். விக்ரோலி ஸ்டேஷன் படியில் மாரடைப்பு. கல்யாணம் முடிந்து பதினோரு நாள். மாலை போட வைக்கிற படத்தைக் கரீம் பாய்தான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தாராம். அந்தப் பெண் அப்பா இருக்கிற படங்களையெல்லாம் முதலில் தரச் சொல்லியிருக்கிறாள். ஆல்பம் அப்புறம் பார்க்கலாம் என்றாளாம்.

பிப்ரவரி 14, புதன்

பாய் முகம் செத்துப் போயிருந்தது. லேப்டாப்பைத் திறந்து காட்டினார். தாரை வார்க்கிற நேரத்துப் படங்கள். மேலே பந்தலும் தலைகளும் சரியாக இருக்கின்றன. பாதிக்குக் கீழே வெறும் சாம்பல். சிலதில் குறுக்கே பச்சைப் பட்டை. அப்பாவின் தலை இருக்கிறது, கை இல்லை. மொத்தம் நாற்பத்தொன்று.

கேமராவின் மெமரி கார்டு மேல்தான் பாய்க்குச் சந்தேகம். மலிவாகக் கிடைத்தது என்று புதுசு வாங்கினேன், என் புத்தி என்று தலையில் அடித்துக்கொண்டார். லேப்டாப்பில் ஏற்றியதும் அந்தக் கார்டுகளை அழித்து அடுத்த விசேஷத்துக்குப் பயன்படுத்திவிட்டார். எல்லாரும் செய்வதுதான். அழித்ததை மீட்க முடியுமா என்று கேட்டார். வைத்துவிட்டுப் போங்கள் பாய், லேப்டாப்பும் இருக்கட்டும் என்றேன்.

அந்தச் சாம்பலைப் பார்த்ததுமே கார்டு என்று எனக்குத் தோன்றவில்லை. கார்டு கெட்டால் படமே திறக்காது, இல்லையென்றால் வரிசையாகப் போகும். இது இங்கொன்று அங்கொன்று. சொல்லவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

கார்டில் ஒன்றும் இல்லை. மேலேயே புதுப் படங்கள் ஏறிவிட்டன.

ரேம் சோதனை போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

ஒரு மணி நேரம் ஐம்பது நிமிஷத்தில் பழுதைக் காட்டும் சிவப்பு வரி வந்தது. பிறகு இன்னும். பத்தொன்பது இடம்.

முக்கால் மணி நேரத்தில் நிறுத்தினேனே. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால்?

கழற்றி என் சொந்த லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். அது முப்பத்திரண்டு வரை தாங்குவது. அங்கேயும் அதே பத்தொன்பது. ஆக, எட்டுக்கு மேல் போனதால் வந்த வினை இல்லை. ரேம்தான் வரும்போதே பழுது. மேல்பகுதியில் பழுது, அதனால் சாதாரண வேலையில் தெரியாது. இரண்டாயிரம் படத்தை ஒரே மூச்சில் ஏற்றினால் அந்த இடம் வழியாகப் போகிற படமெல்லாம் அடிபடும். லேப்டாப் கம்பெனி மேலே பழி போட முடியாது, லிமிட் மேலேயும் போட முடியாது. நான் பார்க்காமல் டிக் போட்டேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 17, சனி

அந்த மூன்று போட்டோகிராஃபர்களையும் கூப்பிட்டு லேப்டாப்பை வாங்கி முழுச் சோதனை ஓடவிட்டேன். மூன்றும் சுத்தம்.

வீட்டில் கணவர் இசக்கிதுரையிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். பிறகு சொன்னார்: “அவருக்குத் தெரியாதுல்லா? பொறவு நீயா எதுக்குப் போய் சொல்லுத? நல்ல ரேமைப் போட்டுக் குடு, முடிஞ்சுது. பொம்பளை கடைன்னு ஏற்கெனவே ஆயிரம் பேச்சு. இது வெளிய போச்சுன்னா ஒருத்தன் வரமாட்டான்.”

அவர் கெட்டவர் இல்லை. நான் சிப் ரிப்பேர் படிக்கப் போகிறேன் என்று நின்றபோது என் வீட்டோடு சண்டை போட்டவர் அவர்தான்.

சாயங்காலம் பாய் போன் செய்தார். நாளை முலுண்டுக்குப் போய் நேரில் மன்னிப்புக் கேட்கப் போகிறாராம். வாய் வரை வந்தது. சரி பாய் என்றேன்.

சரி பாய் என்றேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

போய்விட்டு நேரே கடைக்கு வந்தார். வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம். பெண்ணின் சித்தப்பா கத்தியிருக்கிறார். மட்டக் கார்டு வாங்கி எங்க அண்ணன் படத்தை அழிச்சிட்டியே என்று. பாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். விஜயராணி வெளியே வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: “அப்பா கை ஒண்ணுலயாவது தெரியுதா அங்கிள்?”

முப்பது வருஷம் போதும், இனி பாஸ்போர்ட் படம் மட்டும் எடுத்துக்கொண்டு இருக்கிறேன் என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். என் கையால் கொடுத்த டீயை.

பிப்ரவரி 20, செவ்வாய்

பழுதான ரேம் மேசையில் கிடக்கிறது. குப்பையில் போட எடுத்தேன். போடவில்லை.

சோதனைப் பட்டியலை மறுபடி படித்தேன். பத்தொன்பது இடத்திலும் தப்பு ஒரே மாதிரி. எண் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் வருகிறது. வேறு எதையும் கெடுக்கவில்லை. அப்படியென்றால் ஒரு படம் முழுக்கப் போகவில்லை. லட்சக்கணக்கான எழுத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அதற்குக் கீழே படம் வழி தவறிவிட்டது. அந்த எழுத்து எந்தெந்த இடத்தில் இருக்கலாம் என்பதையும் பட்டியலை வைத்துச் சில நூறு இடங்களாகக் குறுக்கிவிடலாம். ஒவ்வொரு இடமாகப் பூஜ்யத்தை ஒன்றாக்கிப் பார்த்தால்?

பிப்ரவரி 22, வியாழன்

நிரல் எழுதிப் பத்து வருஷம் ஆகிறது. இரண்டு நாள் முட்டிக்கொண்டு ஒரு வழியாக ஓடுகிறது. ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான நகல் செய்து தருகிறது. எது சரி என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். சாம்பல், சாம்பல், சாம்பல்.

மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு ஒன்று முழுசாக வந்தது.

அவர் கை. செம்பிலிருந்து தண்ணீர் விழுகிறது, கீழே மகள் கை, அதற்கும் கீழே மாப்பிள்ளை கை. மனிதர் சிரித்துக்கொண்டிருக்கிறார், கண்ணில் தண்ணீரோடு. நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

பிப்ரவரி 26, திங்கள்

நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு வந்துவிட்டது. மூன்று வரவில்லை. இரண்டு இடத்தில் அடிபட்டிருக்க வேண்டும். என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

பாய்க்குப் போன் செய்தேன். நாளை வருகிறார்.

இசக்கிதுரை சந்தோஷப்பட்டார். பார்த்தியா, கெட்டதுலயும் நல்லது, இனிமே நீ எதையும் சொல்ல வேண்டாம், உன் பேரு நிக்கும் என்றார். சரிதானே? படம் வந்துவிட்டது. யாருக்கு என்ன நஷ்டம்? சொன்னால் யாருக்கு லாபம்?

பிப்ரவரி 27, செவ்வாய்

படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். பாய் பத்தாவது படத்தில் பார்ப்பதை நிறுத்திவிட்டு என் தலையில் கை வைத்தார். அல்லா உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான் தங்கச்சி என்றார். முலுண்ட்காரர்களிடம் உன் பெயரைச் சொல்வேன், அந்தப் பெண் உன் வீட்டுக்கே வந்து கும்பிடுவாள் என்றார். எல்லாக் கல்யாணக்காரர்களிடமும் சொல்வாராம்.

அந்தக் கை தலையில் இருந்தபோது தாங்க முடியவில்லை.

சொன்னேன். கார்டு பழுதில்லை, நான் போட்ட ரேம் பழுது, முழுச் சோதனை செய்யாமலே செய்ததாக டிக் போட்டேன் என்று. ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கையை எடுத்துவிட்டார். நான் நினைத்தது போலக் கத்தவில்லை. எப்போது தெரிந்தது என்று கேட்டார். பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை என்றேன். விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

“அப்போ நான் அவங்க வீட்டு வாசல்ல நின்னப்ப உனக்குத் தெரியும்.”

“தெரியும் பாய்.”

ரேம் பழுதானதை அவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்திரம் பழுதாவது அவருக்குத் தெரியும், கேமராவோடு முப்பது வருஷம் இருந்தவர். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவர் முகத்தில் நின்றது.

என்னோட பழைய எட்டையே போட்டுடு என்றார். புது ரேம், நல்லது, முழுசாகச் சோதித்தது இருக்கிறது என்றேன். வேண்டாம் என்றார். அவர் பார்த்துக்கொண்டு நிற்க, கழற்றி மாட்டினேன். திருகாணி இரண்டு தடவை கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தார். படங்களை ஒரு பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 3, ஞாயிறு

முலுண்டுக்குப் போனேன். இசக்கிதுரை வரமாட்டேன் என்றார், பிறகு ஸ்டேஷனில் வந்து நின்றார். அந்த வீட்டுக் கட்டிடத்துக்குக் கீழே காத்திருந்தார், மேலே வரவில்லை.

படங்களைப் பாய் முந்தின நாளே கொடுத்துவிட்டாராம். எப்படி வந்தது, யார் தப்பு, எதுவும் சொல்லவில்லையாம். நான் சொல்லவே வந்தேன் என்று சொன்னேன். சித்தப்பா இல்லை, அம்மாவும் விஜயராணியும்தான். அம்மாவுக்கு ரேம் என்றால் என்ன என்று புரியவில்லை. பழுது என் கடையில், பாய் மேல் தப்பில்லை என்ற வரைக்கும் புரிந்தது. மூன்று படம் திரும்ப வரவில்லை என்பதையும் சொன்னேன்.

விஜயராணி என்னைத் திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அன்னைக்கு அங்கிளுக்குத் தண்ணிகூடக் குடுக்கல அக்கா. நல்ல வெயில்.”

பிறகு எழுந்து போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அங்கிள் என்று ஆரம்பித்தது கேட்டது. நான் கிளம்பிவிட்டேன்.

மார்ச் 19, செவ்வாய்

பதினாறு போட்டுக்கொண்ட மூவரில் இருவர், பேச்சு காதில் விழுந்து, மாற்றித் தரச் சொல்லி வந்தார்கள். நல்லதுதான் என்று காட்டினேன். இருந்தாலும் வேண்டாமாம். மாற்றிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 11, வியாழன்

ரம்ஜான். கரீம் பாய் வீட்டிலிருந்து வருஷாவருஷம் வரும் பிரியாணி வரவில்லை.

மே 6, திங்கள்

வெயில். கடையில் ஒருவரும் இல்லை. பாயை மார்க்கெட் முனையில் பார்த்தேன். தலையசைத்தார். நின்றாற்போல் இருந்தது, ஆனால் பின்னால் டெம்போ ஹாரன் அடித்தது, போய்விட்டார். கேமராவைத் தோளில் மாட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் மூச்சு வந்தது. பாஸ்போர்ட் படத்துக்கு யாரும் அதைத் தூக்கிக்கொண்டு அலையமாட்டார்கள்.

ஜூன் 14, வெள்ளி

நேற்றிலிருந்து மழை. லேனில் கணுக்கால் தண்ணீர்.

பன்னிரண்டரை மணிக்குக் கரீம் பாய் வந்தார். குடையை மடக்கி வெளியே சாய்த்தார். லேப்டாப் சார்ஜரின் ஒயர் செருகும் முனை அருகே அறுந்திருக்கிறது, சரி செய்ய முடியுமா என்றார். முடியும் பாய், பத்து நிமிஷம் என்றேன். வேலை எப்படி என்று கேட்டார். சுமார் என்றேன். மகள் ஆஸியாவுக்கு தேவ்நாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஒயரைப் பற்றவைத்தபடி கேட்டுக்கொண்டேன்.

பாங்கு சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக் கூட்டம், பள்ளிவாசலில் ஈரத்தில் பையை எங்கே வைப்பது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தோளிலிருந்து கேமராப் பையைக் கழற்றி, என் மேசைக்கு அடியில் தண்ணீர் படாத மூலையாகப் பார்த்து வைத்தார். நேற்றைய நிக்காஹ் படமெல்லாம் இதில்தான் இருக்கிறது, இன்னும் ஏற்றவில்லை, தொழுதுவிட்டு வருகிறேன் என்றார்.

குடையை விரித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தார். பையைக் காலோடு சேர்த்து நகர்த்தி வைத்துக்கொண்டு, அவர் வரும் வரை நான் எழுந்திருக்கவே இல்லை.