கேம்ஷாஃப்டைக் கழற்றும் முன்

பரிதி அண்ணா,

நடவுக்குப் போகிறேன். சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். கொட்டகைச் சாவி அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது.

மெக்கானிக் ஃபாஜில் அண்ணன் வந்தால் டீ போட்டுக் கொடு. இன்ஜினில் புது கேம்ஷாஃப்டும் பெரிய வால்வுகளும் போட்டால் அப்பாவின் ஏடிவி, அந்த நாலு சக்கர பைக், ரேஸில் பறக்கும் என்று எனக்கும் தெரியும். "பத்தாவதே முடிக்கல, இன்ஜினப் பத்திப் பேச வந்துட்டா" என்று நேற்று நீ சொன்னாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கேம்ஷாஃப்டை மாற்றினால் வண்டியின் சத்தமும் மாறிவிடுமாம். அப்பா நாற்றுக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு வரும்போது, மதகடியில் அந்தச் சத்தம் கேட்டதுமே அம்மா எழுந்து தட்டை எடுத்து வைப்பாள். அப்பா இறந்த பிறகு அவள் எதற்கும் எழுவதில்லை.

நீ ரேஸுக்குப் போ, நான் தடுக்கவில்லை. கழற்றும் முன் ஒரே ஒருமுறை, மதகிலிருந்து வீடு வரை மெதுவாக ஓட்டி வா.

எழில்

ஓரத்தில் ஒன்று: முந்தாநாள் நீ வண்டியில் கிளம்பும்போது அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அம்மாவுக்குப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டாள். "இது போற சத்தம்டி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.