தலையணை வரவில்லை என்று கோபிக்காதே

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்ன ராணியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்ற வரியை வழக்கமாக என் கை தானாகவே எழுதிவிடும், இன்றைக்கு நகர மாட்டேன் என்கிறது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பதறாமல் படி. உன் அண்ணிக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இன்று காலையில் எழுந்து உட்கார்ந்து டீ குடித்தாள், ஒரு துண்டு ரொட்டி தின்றாள், என்னைக் கிண்டலும் செய்தாள், அதனால் பிழைத்துக்கொண்டாள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் தையல்காரர் மருமகன் கையில் நீ கேட்ட தலையணை இருக்காது. பாவம், அதற்கென்று பெட்டியில் இடம் ஒதுக்கி வைத்திருந்தார், கடைசியில் ஒரு கவரை மட்டும் கொடுத்து அனுப்புகிறேன். ஏன் என்று முழுக்கப் படித்துத் தெரிந்துகொள். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். பால் கொடுக்கிற பொண்ணு, இதைக் கேட்டா அதிர்ந்துடுவா, எதையும் சொல்லித் தொலைக்காதீங்க என்று உன் அம்மா பக்கத்தில் நின்று கண்ணை உருட்டிக்கொண்டிருந்தாள். சரி, உன் தோள் வலி எப்படி இருக்கிறது என்று மட்டுமாவது கேட்கலாம் என்று கேட்டேன், நீ அது வெறும் வாயுப்பா, நீங்க வேற என்று சிரித்துவிட்டுப் பிள்ளை அழுகிறது என்று வைத்துவிட்டாய். கடிதம் சிரித்துவிட்டு வைக்கிற சமாச்சாரம் இல்லை, வைத்தாலும் மேஜை மேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

உன் அண்ணிக்கு அந்த வலி வக்கீல் பிறந்த சில வாரத்திலேயே தொடங்கியிருக்கிறது. வக்கீல் என்றால் உன் அண்ணன் மகன்தான், பால் கொஞ்சம் தாமதமானால் போதும், தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வாதாடுகிறான், அதனால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்தில் அவளுக்கு நெஞ்சுக்குழியில் பிடிக்குமாம், வலது விலாவுக்குக் கீழே முறுக்குமாம், அங்கிருந்து முதுகுப் பக்கமாக ஏறி வலது தோளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். புரண்டு படுத்தாலும் போகாது, ஏப்பம் விட்டாலும் போகாது, தானாகப் போனால்தான் உண்டு. ஒரு நாள் வரும், பிறகு ஒரு வாரம் ஆளையே காணோம், சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது மறுபடி வந்து நிற்கும். உன் அம்மா வாயு என்றாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அவள் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள், இருமினாலும் வாயு, தும்மினாலும் வாயு, நான் கோபப்பட்டால் எனக்கும் வாயு. அதோடு பால் நன்றாக ஊற வேண்டும் என்று வெண்ணெயும் முட்டையும் எண்ணெயில் பொரித்த கறியுமாகத் தட்டை நிரப்புவாள். மாமியார் ஆசையாக வைப்பதை வேண்டாம் என்று சொல்ல மனசில்லாமல் அந்தப் பெண்ணும் தின்றுவிட்டு, உள்ளே போய்ச் சுவரில் முதுகை அழுத்திக்கொண்டு நிற்பாள். நான் அதைப் பார்த்திருக்கிறேன், பிள்ளை தூக்கிய அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டு என்ன செய்தேன் தெரியுமா, தலையணை தைத்தேன். பஞ்சுக்கடைக்காரனுக்கு உலகத்தில் எந்த வலிக்கும் மருந்து பஞ்சுதானே. முதலில் தைத்தது கொஞ்சம் கட்டியாகிவிட்டது, அதைப் பிரித்து இளக்கமாகத் தைத்தேன், அதுவும் சரிப்படவில்லை என்று இடுப்பைச் சுற்றி வருகிற மாதிரி பிறை வடிவத்தில் ஒன்று தைத்து, பிள்ளையை அதில் கிடத்திப் பால் கொடும்மா, தோளுக்குப் பாரம் இருக்காது என்றேன். ஒவ்வொன்றுக்கும் நல்லா இருக்கு மாமா என்று சொல்லிவிட்டு வலியைத் தின்றுகொண்டிருந்திருக்கிறாள். நான் பெருமையாகப் போவோர் வருவோரிடமெல்லாம் அந்தப் பிறைத் தலையணையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஒரு நாள் பிழிந்து வைத்த பாலோடு வக்கீலைத் தூக்கிக்கொண்டு உன் அம்மா தன் அக்கா வீட்டுக்குப் போனாள், அண்ணியின் தோளுக்கு ஒரு நாளாவது ஓய்வு கிடைக்கட்டும் என்று நான்தான் அனுப்பினேன். மத்தியானம் அண்ணி எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். அப்போது புதிதாக வந்த வெள்ளைத் துணியை மேஜையில் விரித்து உறை வெட்டிக்கொண்டிருந்தேன், உன் தலையணைக்குத்தான். வாசல் வழியாக வெயில் மேஜை வரைக்கும் விழுந்திருந்தது. டிபன் டப்பாவை வைத்துவிட்டு அவள் துணி மேல் கையை ஊன்றினாள், கை மஞ்சளாகத் தெரிந்தது. எனக்குக் கண்ணெல்லாம் துணி மேல். அம்மாடி, கையில என்னமோ ஒட்டியிருக்கு பாரு, துணி கறையாயிடும், கழுவிட்டு வா என்றேன். பின்பக்கக் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். அதே மஞ்சள். சரியாப் போகலம்மா, நல்லாத் தேய்ச்சுக் கழுவு என்று மறுபடி அனுப்பினேன். கேட்கிறாயா, மறுபடி அனுப்பினேன். திரும்பி வந்து கையை வெயிலில் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, மாமா இது போக மாட்டேங்குது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, மாமா இன்னிக்கு நான் பிள்ளையத் தூக்கவே இல்ல, ஆனாலும் தோள் வலிக்குது, ரெண்டு நாளா ஒண்ணுக்கு வேற டீத்தண்ணி மாதிரி போகுது, சொல்ல வெக்கமா இருந்துச்சு என்றாள். அப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இல்லை. இது பால் வெள்ளை, இது பழுப்பு வெள்ளை என்று துணியைத் தூரத்தில் இருந்து பார்த்தே சொல்லுகிறவன் நான், தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற பெண்ணின் கண்ணைப் பார்க்கவில்லை. கடையைப் பூட்டினேனா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை, டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். அங்கே வாசலில் காவல்காரர் வழிமறித்து, ஐயா கையில என்ன என்று கேட்ட பிறகுதான் பார்க்கிறேன், துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

டாக்டரம்மாவுக்கு உன் வயசுதான் இருக்கும். அண்ணியைப் படுக்கவைத்து வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு, மூச்ச நல்லா இழுங்க என்றாள். பாதி மூச்சில் அண்ணிக்கு வலியில் அப்படியே நின்றுவிட்டது, மேலே இழுக்க முடியவில்லை. உடனே டாக்டரம்மா கேட்டது, குழந்தை பிறந்து எவ்வளவு நாளாச்சு என்று. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. பொண்ணு மஞ்சளாகி நிற்கிறாள், இவள் பிள்ளைக் கணக்குக் கேட்கிறாளே என்று வாயைத் திறக்கப் போனேன், நர்ஸ் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டாள். ஸ்கேன் பார்த்த பிறகு கூப்பிட்டுச் சொன்னார்கள், பித்தப்பையில் கல்லாம். அதில் ஒன்று நழுவிப் பித்தநீர் போகிற குழாயை அடைத்துக்கொண்டதால்தான் இந்த மஞ்சளாம். கர்ப்பத்தில் பித்தநீர் கெட்டிப்பட்டுத் தேங்குமாம், பிள்ளை பெற்ற பிறகு உடம்பு கிடுகிடுவென்று இளைத்தாலும் கல் சேருமாம். தோள் வலிக்கும் தோளுக்கும் சம்பந்தமே இல்லையாம், வலி பிறப்பது விலாவுக்குக் கீழே, நமக்குத் தெரிவது தோளிலே. பிள்ளை பெத்த பொண்ணுங்களுக்கு இது சகஜம்தான், நிறையப் பேர் வாயுன்னே நினைச்சு விட்டுடுறாங்க, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கிருமி ரத்தத்துல ஏறி உயிருக்கே ஆபத்தாயிருக்கும் என்றாள். சகஜமாம்! சகஜம் என்றால் நமக்கு ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை, பிள்ளைக்கு எந்தச் சோப்பு, எந்தப் பவுடர் என்று தெருவில் போகிறவரெல்லாம் யோசனை சொன்னார்களே, பெற்றவளின் விலாவைப் பற்றி ஒரு வாய் பேசவில்லையே. அதை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை. முதலில் வாய் வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள், பிறகு வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டுப் பித்தப்பையையே எடுத்துவிட்டார்கள். மலைப்பாதையில் லாரி ஓட்டுகிற உன் அண்ணன் ஓடிவந்து, அவள் கையில் ஊசி குத்தியிருப்பதைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான், அவனுக்கு ஒரு நர்ஸ் தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. வெளியே வந்த கல்லை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். பஞ்சில் கிடக்கிற கொட்டை மாதிரியே இருந்தது. மெத்தை உறைக்கு மேலேயே தடவி ஒரு கொட்டை கிடந்தாலும் கண்டுபிடிக்கிற கை என்னுடையது, அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். டாக்டரம்மா வலது தோளுக்குப் பின்னால் விரலை வைத்து, வலி இங்க வந்துதான் நிக்கும் என்று காட்டினாளே, அந்த நிமிஷம் எனக்கு உன் குரல்தான் கேட்டது. அப்பா, வலது தோளுக்குப் பின்னாடி பிடிக்குது, ராணிய ஒரே பக்கமாத் தூக்குறேன்ல, உங்க கையால ஒரு தலையணை தச்சு அனுப்புங்க என்றாய். நானும் உருகிப்போய்த் துணி வெட்டினேன். மாப்பிள்ளையின் ஆபீஸ் விருந்தில் பொரித்ததைத் தின்றுவிட்டு வாந்தி எடுத்ததையும் நீதான் சிரித்துக்கொண்டே சொன்னாய். கல்யாணத்துக்கு முன்னால் போட்ட உடுப்பெல்லாம் மறுபடி சரியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாய், அதைக்கூட இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொன்னேன். பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது, ஆனால் தள்ளிப்போடாமல் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள் என்றாள். வெள்ளைத் துணியில் ஒரு துண்டு வெட்டி அனுப்பட்டுமா, அதன்மேல் கையை வைத்துப் பார்க்கட்டுமே என்று கேட்டேன், மஞ்சள் தெரியுற வரைக்கும் காத்திருந்ததாலதான் நீங்க இங்க உட்கார்ந்திருக்கீங்க என்று ஒரே போடாகப் போட்டாள். அதனால் கண்ணாடியைப் பார்த்துக் கண் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதே. ராணி வயிற்றில் இருந்தபோது பார்த்த மாதிரி மேலாக வைத்துப் பார்க்கிற ஸ்கேன்தான், வலிக்காது. அங்கே போய்த் தோள் வலி என்று மட்டும் சொன்னால் தைலம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், சாப்பிட்ட பிறகு வருகிறதா, பிள்ளையைத் தூக்காவிட்டாலும் வருகிறதா என்று கவனித்துச் சொல், பிள்ளை பிறந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது என்பதையும் சேர்த்துச் சொல். இடையில் குளிர் காய்ச்சலோ, நிற்காத வாந்தியோ, விடாத வலியோ வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காதே, ராணியை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. வீட்டு வேலை எங்கேயும் ஓடிப்போகாது.

உன் அம்மா இப்போது வாயு என்ற சொல்லையே எடுப்பதில்லை, வக்கீலை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள், அவள் பேசாமல் இருப்பதைப் பார்க்க எனக்குக் கலக்கமாக இருக்கிறது. நீ போன் செய்து இரண்டு வார்த்தை சண்டை போடு, தெளிந்துவிடுவாள். உன் தலையணைக்குப் பஞ்சு திணித்தாகிவிட்டது, மூன்று பக்கமும் தைத்தாகிவிட்டது, நாலாவது பக்கம் மட்டும் வாய் திறந்தபடி கடை அலமாரியில் இருக்கிறது. ஸ்கேன் எடுத்துவிட்டேன் என்று நீ சொல்கிற அன்றைக்குத்தான் மீதித் தையல். ஒன்றுமில்லை என்று வந்தால் உங்கப்பன் பயந்தாங்கொள்ளி என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரி, நானும் கூடச் சிரித்துக்கொண்டே தைத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் கொடு, அவரும் படிக்கட்டும். நீ நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், என் பேத்தி உன் தோளில் தூங்கி வளர வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

மறந்துவிட்டேன், உனக்குத்தான் எழுதுகிறேன் என்றதும் அண்ணி ஒன்று சொல்லச் சொன்னாள். கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க பொண்ணையாவது கை கழுவிட்டு வான்னு அனுப்பிடாதீங்க மாமா என்றாள்.