யாரும் பயன்படுத்தாத கார்டு

19 ஜூலை 2006, புதன்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் வந்து வந்து போகிறது. பக்கத்து வீட்டில் தறிச் சத்தம், எதிர்வீட்டில் டிவி, நடுவில் நான்.

இன்றைய வேலை: லினக்ஸில் கிடக்கும் ஒரு பழைய சவுண்டு கார்டு டிரைவரை, கார்டைப் பேச வைக்கும் நிரலை, சுத்தம் செய்வது. எவரோ எழுதி, எவரோ ஒட்டுப்போட்டு, எவரோ கைவிட்டது. நிரலில் யாருமே கூப்பிடாத ஃபங்ஷன்கள். மைக்கே இல்லாத கார்டுக்கு மைக் வால்யூம். "பிறகு சரிசெய்ய வேண்டும்" என்று ஒரு குறிப்பு. எழுதியவருக்கு இந்நேரம் பேரன் பிறந்திருப்பான்.

வெட்டினேன். மெஷினுக்குப் புரியும்படி கம்பைல் செய்தேன். ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. அழிப்பதில் இத்தனை சந்தோஷம் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

சென்னை கம்பெனியில் இதைச் செய்ய விடவில்லை. "ஓடுறதுல கை வெக்காதம்மா" என்பார் டீம் லீடர். மாசியில் வேலையை விட்டதற்குப் பாதிக் காரணம் அது. மீதி, அவர் முகம்.

அம்மா போனில் பெரியம்மாவிடம்: "கலை வேலைய உட்டுட்டு ஊட்லதான் சும்மா குந்திக்கினு இருக்குது."

காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்தேன்.

20, வியாழன்

திருத்தத்தை, பேட்சை, லினக்ஸ்காரர்களின் மெயிலிங் லிஸ்டுக்கு அனுப்பினேன். நெட் போட்டால் போன் எங்கேஜ். அம்மாவிடம் திட்டு.

சாயங்காலம் பதில். லிஸ்டில் பெரிய தலை ஒருவர். முகம் தெரியாது, தாடிக்காரர் என்று நானாகப் பெயர் வைத்திருக்கிறேன். ஒரே வரி: கார்டு கையில் இருக்கிறதா, ஓட்டிப் பார்த்தாயா?

இருக்கிறது சார். பெரியம்மா மகன் மணி அண்ணனின் மைக்செட் கடையில்.

அண்ணன் கேசட்டை விட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறியபோது நான்தான் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். புதுக் கார்டுகளை ஆம்ப்ளிஃபையரில் சொருகினால் ஒரு உறுமல். சென்னை ரிச்சி தெருவில் பழைய சாமான் குவியலில் கிடைத்த இந்தக் கார்டில் மட்டும் சத்தம் சுத்தம்.

புது டிரைவரை அதில் ஓட்டிப் பார்க்கவா என்றேன். அண்ணன் யோசித்தான். "ஞாயித்துக்கெழம அம்மன் கோயில்ல கூழு ஊத்துறாங்க. அன்னிக்கு எதுனா ஆச்சு, என் மானமே பூடும்."

"ஒண்ணும் ஆகாதுண்ணா."

22, சனி

கடைக் கம்ப்யூட்டரில் என் டிரைவரை ஏற்றினேன். பாட்டு, அடுத்த பாட்டு, அதற்கடுத்தது. பிசிறு இல்லை.

வாங்க வேண்டியது: பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர். கூழுக்குச் சின்ன வெங்காயம். இன்சுலேஷன் டேப் (கறுப்பு, சிவப்பு வேண்டாம்).

23, ஞாயிறு

மானம் போனது. அண்ணனுடையது, என்னால்.

கூழ் வார்க்கும்போது பம்பைக்காரர்கள் அம்மனை வர்ணித்துப் பாடுவார்கள். அந்த நேரம் மைக்செட் வாயைத் திறக்கக் கூடாது. அண்ணன் அப்போது கம்ப்யூட்டரைத் தூங்க வைப்பான், பேட்டரி மிச்சம். பம்பை ஓய்ந்ததும் எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து பாட்டு வரும்.

இன்றும் தூங்க வைத்தான். எழுப்பினான். திரையில் பாட்டு ஓடுகிறது, ஸ்பீக்கர் குழாயில் மூச்சில்லை.

தெருவே திரும்பிப் பார்த்தது. யாரோ, "இன்னா மணி, உன் பொட்டியும் வெரதமா?"

அண்ணன் பழைய கேசட் பிளேயரை இழுத்து மாட்டினான். அவன் வயரைப் பிடுங்கிய விதமே போதும்.

மாலை: கண்டுபிடித்துவிட்டேன். சீக்கிரம் முடியட்டும் என்று என் மெஷினில் தூக்க வசதியை அணைத்துவிட்டுத்தான் கம்பைல் செய்வேன். அது அணைந்திருந்தால், தூங்கிய கார்டை எழுப்பும் பகுதி உள்ளேயே போகாது. அதனால் அதையும் செத்த நிரல் என்று மொத்தமாக வெட்டியிருக்கிறேன். முட்டாள்.

அண்ணன்: "பழசையே போட்டுக் குடுத்துடு கலை."

"மாட்டேன். எழுப்புற எடத்த மட்டும் திருப்பி வெக்கிறேன். மத்தது குப்பைதான்."

"உனுக்கு இன்னா கொழுப்பு."

"இருக்குது."

25, செவ்வாய்

தூங்க வைத்து, எழுப்பி, மறுபடி தூங்க வைத்து. விரல் வலிக்கிறது. ஒருமுறைகூடச் சறுக்கவில்லை. திருத்திய பேட்ச் போனது. என் தப்பை மழுப்பாமல் எழுதினேன்.

வாலாஜாபாத்திலிருந்து பெண் கேட்டு ஓர் அம்மாள். "பொண்ணு இன்னா பண்ணுது?"

அம்மா: "சும்மாதாம்மா இருக்குது."

மிக்சர் தட்டை டொக்கென்று வைத்தேன்.

27, வியாழன்

தாடிக்காரர் பதில். எழுப்பும் பகுதியைக் கண்டுபிடித்தது நல்லது. ஆனால் இந்தக் கார்டை இன்று யார் வைத்திருக்கிறார்கள்? சுத்தம் செய்வதற்குப் பதில் டிரைவரையே தூக்கிவிடலாம். யாரும் பயன்படுத்தவில்லை. மறுப்பு இல்லையென்றால் லினக்ஸின் அடுத்த பதிப்பில் இருக்காது.

கீழே இரண்டு பேர், ஆமாம் ஆமாம் என்று.

வந்தது கோபம்தான், வேறில்லை. நான் வீட்டைக் கூட்டப் போனேன், இவர்கள் வீட்டையே இடிக்கலாம் என்கிறார்கள். கிளப்பிவிட்டது நான். நான் தொடாமல் இருந்திருந்தால் இன்னும் பத்து வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கும்.

பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு அண்ணன் காலம் தள்ளலாம். எத்தனை நாளைக்கு?

அவனிடம் சொன்னேன். ஸ்பீக்கர் குழாயைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "யாரும் இல்லன்றாங்களா? நாம கீறமே."

"அவங்களுக்குத் தெரியாதுண்ணா."

"சொல்லு அப்ப."

28, வெள்ளி

சொன்னேன். முதல் வார்த்தையே "மறுக்கிறேன்."

காஞ்சிபுரத்தில் ஒரு மைக்செட் கடையில் இந்தக் கார்டு வேலை செய்கிறது. உங்கள் மேஜையில் இல்லாததால் உலகத்தில் இல்லை என்று ஆகாது. செத்த நிரல் எது, உயிருள்ளது எது என்று ஒருமுறை தவறாகக் கணித்துவிட்டேன், தெருவே சிரித்தது. அதே தவறை நீங்களும் செய்யாதீர்கள். இவ்வளவுதான்.

கடைசி வரி அதிகமோ? நீக்கப் போனேன். நீக்கவில்லை.

29, சனி

மழை. கொடியில் துணி நனைந்தது.

தாடிக்காரர்: சரி. ஆனால் கெட்டுப்போனால் யார் பார்ப்பது? பொறுப்பாளர் என்ற இடத்தில் ஒரு பெயர் வேண்டும். பெயர் இல்லாவிட்டால் டிரைவர் போகும்.

என் பெயரை எழுதினேன். முழுப் பெயர், அப்பா இனிஷியலோடு.

அம்மா எட்டிப் பார்த்தாள். "அதுல உன் பேரு எதுக்கு?"

"கெட்டுப்போனா என்னத்தான் கேப்பாங்க."

"எந்தூர்க்காரங்க?"

"எந்தூரா இருந்தாலும்."

30, ஞாயிறு

அடுத்த தெருவில் கூழ். பம்பை ஓய்ந்தது. அண்ணன் நாற்காலியை விட்டு நகர்ந்தான். "நீயே எழுப்பு."

உட்கார்ந்தேன். பட்டனை அழுத்தினேன். விட்ட இடத்திலிருந்து பாட்டு, தெருக்கோடி வரைக்கும். போன வாரம் கிண்டல் செய்த ஆள் கூழ்ச் சொம்போடு போனார். நிமிர்ந்தே பார்க்கவில்லை. நான் பார்த்தேன், நன்றாகவே.

வீட்டில் வாலாஜாபாத் அம்மாள் மறுபடி போன். அம்மா: "சும்மா ஒண்ணும் இல்லம்மா, அதுக்கு வேல இருக்குது." வைத்துவிட்டு என்னிடம், "இன்னா வேலைன்னு ஒழுங்கா சொல்லிக் குடு. அடுத்த வாட்டி கேட்டா நான் சொல்லணுமில்ல."

31, திங்கள்

டிரைவர் இருக்கிறது. பேட்ச் ஏறிவிட்டது.

என் பெயருக்கே ஒரு மெயில். ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை. ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர்கள் பள்ளியின் ஒலிபெருக்கி இதே கார்டில்தான் ஓடுகிறதாம். தூங்கி எழுந்தால் ஒரு பக்கம் மட்டும் சத்தம் வருகிறதாம். உங்களைத்தான் கேட்க வேண்டுமா என்கிறார்.

ஆமாம். என்னைத்தான்.