இரட்டை இலைக்கு விழுந்த ஓட்டு

குன்னம்,
மே 16

அன்புள்ள சக்திக்கு,

நானும் அப்பாவும் வெற்றிச்செல்வியும் சுகம், வெயில்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கோவாவில் மழை தொடங்கும் முன் இந்தக் கடிதம் வந்து சேரட்டும், உன் உடம்பும் மனசும் தெளிவாக இருக்கட்டும். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் செல்லதுரை மாமா வந்திருந்தார். பெரம்பலூரில் அவருக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை காலியாம், ஜூன் மாதம் சேர வேண்டுமாம், புள்ள எதுக்கு அவ்ளோ தூரத்துல கெடக்கணும், வூட்டுலேர்ந்து பஸ்ல போயிட்டு வரட்டுமே என்றார். அப்பா உடனே தலையாட்டிவிட்டார். நீயோ மட்காவ் ஆஸ்பத்திரி பிடித்திருக்கிறது என்கிறாய், ஆனால் மே முப்பது கோவா மாநில நாள் விழாவில் உங்கள் வார்டு சார்பில் பேசச் சொன்னதற்கு, நான் வெளியூர்க்காரி, அதுல எனக்கு என்னம்மா வேலை என்றும் கேட்டாய். அந்தக் கேள்வி என்னை விடவில்லை, நூலகத்தில் தேடிப் படித்தேன். போர்ச்சுகீசியர் போய் ஐந்து வருஷம் கழித்து, 1967 தொடக்கத்தில், மகாராஷ்டிராவோடு சேர்வதா, தனியாகவே இருப்பதா என்று அந்த ஜனங்களிடமே ஓட்டுக் கேட்டிருக்கிறார்கள். சேர்வதற்குப் பூ, தனியாக இருப்பதற்கு இரட்டை இலை. இலை ஜெயித்தது. மாநிலம் ஆக இன்னும் இருபது வருஷம் காத்திருந்தார்கள், 1987 மே முப்பது வரை. நான் பிறந்த மீன்சுருட்டியை நினைத்துக்கொண்டேன். ஆறேழு வருஷத்துக்குள் அரியலூர் மாவட்டம் என்றார்கள், திரும்பவும் பெரம்பலூர் என்றார்கள், மறுபடி அரியலூர் என்றார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை, ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. தங்களைக் கேட்டார்கள் என்பதையே ஒரு ஜனம் நினைத்துக் கொண்டாடலாம் என்று தோன்றியது.

சோறு போடும்போது இதை அப்பாவிடம் சொன்னேன். உன் அப்பா ஓட்டுரிமை வந்த நாளிலிருந்து உதயசூரியன். அங்கயும் ரெட்டை எலதானா, எங்க போனாலும் விட மாட்டானுவ போல என்றார். உன் தங்கை சும்மா இருப்பாளா, நம்ம வூட்டுலயும் போட்டுருவோம்ப்பா, அக்கா வரணும்னா பூ, அங்கயே இருக்கட்டும்னா எல என்று நோட்டுத் தாளைக் கிழித்து மூன்று சீட்டு செய்துவிட்டாள். சர்க்கரை டப்பாதான் பெட்டி. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, கையால் மறைத்துக்கொண்டு வரைந்தார். பிரித்துப் பார்த்தால் இலை இரண்டு, பூ ஒன்று. பூ போட்டது யாருன்னு தெரியாதாக்கும் என்று வெற்றிச்செல்வி அவரைச் சீண்டினாள். அவர் மோரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

மறுநாள் வெங்காயம் சேமித்து வைத்திருக்கும் பட்டறையில் அழுகல் பொறுக்கும்போது என்னிடம் சொன்னார், இந்த வயசுல மொதத் தடவையா அந்தச் சின்னத்த வரைஞ்சேன், வெளிய சொல்லிடாத, போன்ல நம்ம புள்ள சிரிக்கிற சிரிப்பு இங்க இருந்தப்ப சிரிச்சதில்ல என்று.

அப்படியானால் பூ யாருடையது என்று உனக்குத் தெரிந்திருக்கும். நியாயமெல்லாம் படித்துப் பேசியவள் நான்தான், பென்சிலைப் பிடித்ததும் உன் காலிக் கட்டில் கண்ணில் பட்டுவிட்டது. தோற்றுப்போனேன். நம்பமாட்டாய், அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஆனாலும் கோவாவில் அங்கேயே இருப்பவர்கள்தானே அன்று ஓட்டுப் போட்டார்கள். அதனால் வெள்ளைச் சீட்டு ஒன்று இதற்குள் வைத்திருக்கிறேன். மாத முடிவு வரை பொறுக்கும்படி மாமாவிடம் அப்பா சொல்லியிருக்கிறார். நீ எதை வரைந்தாலும் இந்த வீட்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டோம். எதுவானாலும் மே முப்பது மேடையேறிப் பேசு. நம் வீட்டு ஓட்டுக் கதையையே சொல், பூ போட்டது யார் என்பதை மட்டும் விட்டுவிடு.

இதோடு அனுப்பும் பார்சலில் சின்ன வெங்காயம் இருக்கிறது, வந்ததும் காகிதத்தில் பரப்பி ஆறவிடு, பையோடு வைத்தால் முளைத்துவிடும். நினைத்ததெல்லாம் நடந்து நீண்ட காலம் நன்றாயிரு.

அன்புடன்,
அம்மா ஜெயலட்சுமி