கதவில் ஒட்டிய மெத்தோதி மாமா

மார்ச் 4, செவ்வாய்

தயிர்க் கம்பெனிக்கு எங்கள் டிசைன் பிடித்துவிட்டது. அவர்களுடைய இணையதள முகப்பில் இனி எங்கள் மேல்மாடி மெத்தோதி மாமாவின் முகம். டிராலிபஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "ஊர்ல வேற மூஞ்சியே கிடைக்கலையா உனக்கு?" என்று கேட்டபடியேதான் சவரம் செய்துகொண்டு வந்து உட்கார்ந்தார். கறுப்பு வெள்ளைப் படம், பெரிய எழுத்தில் பெயர், அடியில் ஒரே வரி: "எதற்கும் அவசரப்பட்டதில்லை." தயிர் என்ற சொல்லே கிடையாது. லிஸ்பனில் படித்துவிட்டு வந்த எங்கள் விளம்பர அலுவலக டிசைனர் தோமாவின் யோசனை. எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

மார்ச் 10, திங்கள்

இணையத்தில் மட்டும் போதாதாம். குடியிருப்புகளின் வாசற்கதவுகளிலும் ஒட்ட வேண்டுமாம், சின்னத் தாளில். வெட்டுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று தோமா சுற்றிலும் கறுப்புக் கோடு போட்டான். கம்பெனியின் சின்னம் மூலையில், எறும்பு அளவுக்கு. "பெரிசா போட்டா விளம்பரம் மாதிரி தெரியும்" என்றான். எனக்கும் சரியென்றே பட்டது.

மார்ச் 12, புதன்

ஒட்டியாகிவிட்டது.

மார்ச் 13, வியாழன்

கடவுளே. காலையில் எங்கள் குடியிருப்பு வாசலில் நான்கு கார்னேஷன் பூக்கள். எங்கள் ஊரில் இரட்டைப்படையில் பூ வைப்பது செத்தவர்களுக்குத்தான். கீழ்வீட்டு ஸ்தோயாங்கா அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே கதவைக் காட்டினாள். "நேத்துதானேடி தங்கச்சியைப் பார்க்க ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனாரு. போன இடத்துலயே…"

கறுப்பு விளிம்பு, கறுப்பு வெள்ளை முகம், பெயர், ஒரு வரி. ஒவ்வொரு கதவிலும் நாங்கள் ஒட்டியிருப்பது, சாவு விழுந்தால் இங்கே வாசற்கதவில் ஒட்டுகிற இரங்கல் தாள். இதே ப்ளோவ்திவ் நகரில் பிறந்து வளர்ந்தவள் நான். தினமும் அந்தத் தாள்களைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். அலுவலகத்தில் ஒருத்தருக்குக்கூடவா உறைக்கவில்லை? திரையில் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருந்து தொலைக்கிறது.

மாலையில் ஊரிலிருந்து திரும்பிய மாமா தன் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"யார் யார் வந்தாங்க?" என்றார்.

மார்ச் 14, வெள்ளி

நாளெல்லாம் கதவு கதவாகச் சுரண்டினோம். கம்பெனிக்காரரின் கத்தலை எங்கள் முதலாளி காமென் வாங்கிக்கொண்டார். செவ்வாய்க்குள் மாமாவின் புது வண்ணப்படம் வேண்டுமாம். எங்கள் வாசல் தாளை மட்டும் மாமா தொட விடவில்லை.

"இது இருக்கட்டும்."

"எதுக்கு மாமா?"

"ஸ்தோயாங்கா இதைப் போட்டோ புடிச்சு ஓக்னியானுக்கு அனுப்பிட்டாளாம்."

ஓக்னியான் அவருடைய ஒரே மகன். வெளிநாட்டில், வலென்சியாவில் இருக்கிறான். அம்மாவின் திராட்சைத் தோட்டத்தைத் தன்னைக் கேட்காமல் விற்றுவிட்டார் என்று அப்பாவோடு பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது.

"என் போனை அணைச்சு வச்சிட்டேன். நீயும் வாயைத் திறக்காதே. எழவுக்காவது வருவான்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மார்ச் 15, சனி

முடியவில்லை. அந்த மனிதன் அங்கே அப்பா செத்துவிட்டார் என்று அழுதுகொண்டிருப்பான் — நான் செய்த விளம்பரத்தைப் பார்த்து. உண்மையைச் சொன்னால் வரமாட்டான். மாமா அப்புறம் என் முகத்தில் முழிக்கமாட்டார். சொல்லாமல் இருந்தால்? இருக்க என்னால் ஆகுமா?

ஸ்தோயாங்கா அக்காவிடம் அவன் எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன்.

"உங்க அப்பா உயிரோட, நல்லா இருக்காரு. அது தயிர் விளம்பரம்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அந்தப் படத்துல ஏன் அவ்வளவு மெலிஞ்சு போயிருக்காரு?"

ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்றேன். பொய்யில்லை, அது உண்மைதான்.

மார்ச் 16, ஞாயிறு

மாமாவிடம் சொல்லிவிட்டேன். "கெடுத்துட்டியேடி" என்றார். அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டார். வாசல் தாளையும் அவரே கிழித்துப் போட்டிருக்கிறார்.

மார்ச் 18, செவ்வாய்

படத்துக்கு இன்றுதான் கெடு. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று காமெனையும் கேமராவையும் கூட்டிக்கொண்டு மேலே போனேன். மணி அடித்ததும் கதவு ஒரு சாண் திறந்தது. மாமாவின் கையில் கரண்டி, சட்டையெல்லாம் மாவு.

"இன்னிக்கு முடியாது, போங்க."

"மாமா, கம்பெனிக்காரர் காத்துட்டு—"

"மெதுவாப் பேசு" என்றார். "பையன் தூங்கறான்."